சாவிக்கடையை யாரிடம் ஒப்படைப்பது?

ஜொகூரின் கெலாங் பாத்தாவில் சிறு கடை வைத்திருப்பவர்களின் சட்டக் கவலைகளில் பாதி பாலத்தோடு வந்தவை. 1998 ஜனவரியில் சிங்கப்பூரின் துவாஸுக்கு இரண்டாம் இணைப்புப் பாலம் திறந்த பிறகு, இந்த வட்டாரத்துக் குடும்பங்கள் ஒரே நாளில் இரண்டு நாட்டில் வாழப் பழகிக்கொண்டன. அப்பா கடையில் இருப்பார்; மகன் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு துவாஸ் பக்கம் போய்விடுவார். சில வீடுகளில் இது தலைகீழ். கடை மகன் பெயரில் இருக்கும். சிங்கப்பூர்ச் சம்பளத்தை விட மனமில்லாமல் அவர் அங்கேயே இருப்பார். கடையில் உட்காருவது மாமாவோ தம்பியோ.

சாவிக்கடைக்கு இங்கே வேலைப் பஞ்சம் கிடையாது. ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் தாமான்கள் எழுந்தன. 2000-ஆம் ஆண்டு முறைப்படி திறக்கப்பட்ட தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் தொழிலாளர் விடுதிகளைக் கொண்டுவந்தது. கோத்தா இஸ்கந்தர் அரசாங்க வளாகமும், 2012-இல் வந்த லெகோலேண்டும், கல்வி நகரமும் வாடகை வீடுகளைப் பெருக்கின. வாடகைக்காரர் மாறினால் பூட்டு மாறும். கார் சாவி தொலைந்தால் புதுச் சாவிக்குச் சிப் எழுத வேண்டும். அடுக்குமாடிக்காரருக்கு நுழைவு அட்டைக்கு நகல் வேண்டும். நள்ளிரவில் ஒருவர் வாசலில் நின்றுகொண்டு போன் செய்வார். இத்தனைக்கும் ஆள் இருந்தால் போதும், கையெழுத்து தேவையில்லை. ஆனால் கடை என்றால் கையெழுத்தும் உண்டு. இஸ்கந்தர் புத்ரி மாநகர் மன்றத்தில் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். கடை வாடகை ஒப்பந்தம் முடிந்தால் மறுபடி எழுத வேண்டும். சாமான் போடும் மொத்த வியாபாரிக்குக் காசோலை தர வேண்டும். முதலாளி ஊரில் இல்லாத நாளில்தான் இவையெல்லாம் வந்து நிற்கும்.

உடனே யாராவது ஒருவர், “லோயர்கிட்ட போயி சூராட் குவாசா வாகில் ஒன்னு எழுதிக் குடுத்துருங்க அண்ணே” என்பார். பவர் பத்திரம். அது எதுவரைக்கும் தாங்கும், எங்கே அறுந்து போகும், பூட்டுத் தொழிலுக்கு மட்டும் அதில் தனியாக என்ன பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலாளி ஊரில் இல்லாதபோது பவர் பத்திரம் நன்றாக உதவும். முதலாளி படுத்துவிட்டாலோ போய்விட்டாலோ அநேகமாக உதவாது. நம் மக்கள் அதை எழுதுவதோ பெரும்பாலும் இந்த இரண்டாவது பயத்தில்.

செட்டியார் கடைகளில் இருந்த ஒழுங்கு

மலாயாத் தமிழருக்குப் பவர் பத்திரம் புதுச் சங்கதி இல்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் தென்கிழக்காசியா முழுவதும் கடை நடத்தியதே இதை வைத்துத்தான். முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கியில் பெட்டியடி போட்டு உட்கார்ந்திருப்பவர் அவருடைய ஏஜெண்டு. முதலாளியின் விலாசத்தில், முதலாளி தந்த அதிகாரப் பத்திரத்தின் பலத்தில், கடன் கொடுப்பது, அடமானம் வாங்குவது, வழக்குப் போடுவது எல்லாம் ஏஜெண்டு செய்வார். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பையன்கள். ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலைப் படித்தவர்களுக்கு அந்தக் கடையின் வாசனையே தெரிந்திருக்கும்.

அந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது அதன் எல்லைகள். ஏஜெண்டின் தவணை வழக்கமாக மூன்று ஆண்டு. தவணை முடிந்தால் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டும். அடுத்த ஏஜெண்டு வந்து பொறுப்பேற்பார். சம்பளம் முன்கூட்டியே பேசி எழுதப்பட்டிருக்கும். கணக்கு ஒழுங்காக ஊருக்குப் போகும். அதிகாரம் பெரிதாக இருந்தது. கூடவே அதற்கு முடிவு நாளும் இருந்தது, கேட்க ஆளும் இருந்தது. இன்று நம் ஆட்கள் எழுதிக்கொள்ளும் பவர் பத்திரங்களில் பல, எந்தக் கடைக்கும் பொருந்தும் மாதிரிப் படிவங்கள். “சகல காரியங்களையும் செய்ய” என்று ஆரம்பிக்கும். எப்போது முடியும் என்று இருக்காது. கணக்கு யாருக்கு என்றும் இருக்காது. மூன்று தலைமுறைக்கு முன் வட்டிக்கடை நடத்தியவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

சட்டம் என்ன கேட்கிறது

தீபகற்ப மலேசியாவில் இதற்கான சட்டம் 1949-ஆம் ஆண்டின் அதிகாரப் பத்திரச் சட்டம், சட்ட எண் 424. அது கேட்பது முக்கியமாக இரண்டு.

முதலாவது, பத்திரம் சட்டத்தின் அட்டவணையில் உள்ள வடிவில், தகுதி உள்ள ஒருவர் முன்னிலையில் கையெழுத்தாகி உறுதிப்படுத்தப்பட வேண்டும். மாஜிஸ்திரேட், நில நிர்வாகி, நோட்டரி, சத்தியப் பிரமாண ஆணையர், வழக்கறிஞர் ஆகியோர் அந்தத் தகுதி உள்ளவர்கள். காப்பிக்கடையில் இரண்டு சாட்சியை வைத்துக் கையெழுத்துப் போட்ட தாள், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டிருந்தாலும், இந்தச் சட்டத்தின் கண்ணில் செல்லாது. கெலாங் பாத்தாக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. சிங்கப்பூரில் கையெழுத்திடும் பத்திரத்தை அங்குள்ள உச்ச நீதிமன்றத்தின் வழக்கறிஞர் ஒருவரே உறுதிப்படுத்தலாம் என்று சட்டம் தனியாகவே இடம் தந்திருக்கிறது. மலேசியத் தூதரக அதிகாரி முன்னிலையிலும் செய்யலாம். துவாஸில் வேலை செய்யும் மகன் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஜொகூர் பாருவுக்கு வர வேண்டியதில்லை.

இரண்டாவது, முத்திரைத் தீர்வை கட்டிய பத்திரத்தின் உண்மை நகல் உயர் நீதிமன்றப் பதிவகத்தில் வைக்கப்பட வேண்டும். நம் ஊருக்கு அது ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம். இந்தப் படியைத் தாண்டாத பத்திரத்தை வங்கியோ நில அலுவலகமோ ஏறெடுத்துப் பார்க்காது. “லோயர் சாப் வச்சுட்டாரே” என்று சொல்லி வீட்டு அலமாரியில் வைத்திருப்பவர்கள் பலர். அவர்கள் வைத்திருப்பது பாதி வேலை முடிந்த பத்திரம்.

பெரியவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. பத்திரம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஒருவர் அதில் கையெழுத்திடும்போது, ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துக் காட்டி, புரிந்தது என்று அவர் சொன்னதையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். அதிகாரத்தைப் பெறப்போகும் பிள்ளையே மொழிபெயர்ப்பாளராக நிற்பது நல்லதல்ல. பின்னால் சண்டை வந்தால் முதலில் கிளம்பும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

1949-ஆம் ஆண்டுச் சட்டம் பத்திரத்தின் உருவத்தைப் பார்க்கிறது. முகவரின் கடமைகளைச் சொல்வது 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். அதன் 141-ஆம் பிரிவின்படி, ஒரு வியாபாரத்தை நடத்த அதிகாரம் பெற்றவர் அதற்குத் தேவையான, அந்த வியாபாரத்தில் வழக்கமாகச் செய்யப்படும் எல்லாவற்றையும் செய்யலாம். சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. கப்பல் கட்டும் தொழிலை நடத்த நியமிக்கப்பட்டவர் மரம் வாங்கலாம், ஆள் வைக்கலாம். அந்த இடத்தில் சாவிக்கடையை வைத்துப் பாருங்கள். வெற்றுச் சாவிகளும் மாங்காய்ப் பூட்டும் கதவுக் குமிழும் வாங்கலாம், உதவிக்கு ஒரு பையனை வைக்கலாம். இவற்றை ஒவ்வொன்றாக எழுத வேண்டியதில்லை.

எழுதாவிட்டால் கிடைக்காதவையும் உண்டு. பவர் பத்திரத்தை நீதிமன்றங்கள் இறுக்கமாகத்தான் படிக்கும். 1893-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த பிரையன்ட், போவிஸ் வழக்கில், வாங்க விற்க அதிகாரம் பெற்றிருந்த முகவர் முதலாளியின் பேரில் கடன் வாங்கினார். கடன் வாங்கும் அதிகாரம் பத்திரத்தில் இல்லை, ஆகவே முதலாளியை அது கட்டாது என்றது தீர்ப்பு. கனடாவில் மர வியாபாரத்தில் எழுந்த வழக்கு அது. ஆங்கிலச் சட்ட மரபு ஓடும் நாடுகளில் இன்றும் மேற்கோளாகிறது. கார் சாவி எழுதும் கருவியைத் தவணையில் எடுக்கத் தம்பி கையெழுத்திட்டால் அது அண்ணனைக் கட்டுமா என்பது, பத்திரத்தில் கடன் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

பூட்டுக்காரரின் தனிக் கணக்கு

மளிகைக் கடையையும் சாவிக்கடையையும் ஒரே படிவத்தில் ஒப்படைக்க முடியாது என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. மளிகைக் கடை முகவர் தவறு செய்தால் கடை நட்டப்படும். சாவிக்கடை முகவர் தவறு செய்தால் ஊரில் ஒரு வீடு திறக்கும்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டைச் செய்பவருக்கு அப்படி ஒரு மரியாதை. பூட்டைத் திறப்பவரையோ சட்டம் எப்போதும் ஓரக்கண்ணால்தான் பார்த்து வந்திருக்கிறது. 1860-இல் இந்தியாவுக்கு எழுதப்பட்ட தண்டனைச் சட்டத்தின் வழிவந்த மலேசியத் தண்டனைச் சட்டம், 445-ஆம் பிரிவில், அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறப்பதை வீடு உடைத்தல் என்று வரையறுக்கிறது. கதவை உடைக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து அதே சாவியால் திறந்து நுழைந்தாலும் அது வீடு உடைத்தல்தான். ஆக, இந்தத் தொழிலில் நல்ல வேலைக்கும் குற்றத்துக்கும் நடுவில் நிற்பது கையின் செயல் அன்று. யார் கேட்டு, யாருடைய கதவைத் திறந்தோம் என்பது மட்டுமே. முதலாளி நேரில் இருக்கும்போது அந்தத் தீர்மானத்தை அவர் எடுக்கிறார். பவர் கொடுத்துவிட்டால் முகவர் எடுப்பார். பழி முதலாளியின் கடைப் பெயருக்கு வரும்.

ஆகவே பத்திரத்தில் வாங்கல் விற்றலுக்கு நான்கு வரி போதும். மற்ற இடமெல்லாம் இதற்குப் போக வேண்டும். வீடு திறக்கக் கூப்பிட்டவரின் அடையாளக் கார்டையும், அந்த முகவரிக்கும் அவருக்கும் உள்ள தொடர்பையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதாமல் கதவில் கை வைக்கக் கூடாது. காருக்குச் சாவி என்றால் பதிவு அட்டை, அதிலுள்ள பெயர். முதன்மைச் சாவி அமைப்பு போட்டுக் கொடுத்த அடுக்குமாடிகளின் குறியீட்டு எண்கள் யாருக்கும் போகக் கூடாது. அந்தப் பதிவேடும் குறியீடுகளும் வாடிக்கையாளரின் சொந்தத் தகவல்கள். வணிகத்தில் சேர்க்கும் தகவல்களை 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கடை மூடி இன்னொரு கடை திறந்தால் பதிவேடு முகவரோடு போகாது என்றும் எழுதிக்கொள்ளலாம். கடை வேலை கற்றுக்கொண்ட தம்பி இரண்டு தெரு தள்ளிச் சொந்தக் கடை போடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதானே.

பிறகு கொடுக்கக் கூடாதவை. கடையை விற்பது, கடன் வாங்குவது, பிறருக்கு ஜாமீன் நிற்பது, கடைப் பெயரை வாடகைக்கு விடுவது. இவை வெளிப்படையாக மறுக்கப்பட்டிருக்க வேண்டும். தன் அதிகாரத்தை முகவர் இன்னொருவருக்குக் கைமாற்றக் கூடாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 143-ஆம் பிரிவில் பொது விதியாக ஏற்கெனவே உண்டு. இருந்தாலும் பத்திரத்தில் ஒரு வரி போடுவது நல்லது, ஏனென்றால் சட்டம் தொழில் வழக்கத்துக்கு விலக்கு தருகிறது. எது வழக்கம் என்று பிறகு வாதாட வேண்டியிருக்கும். வங்கிக் கணக்குக்கு மாத உச்சவரம்பு வைக்கலாம். வங்கிகள் பொதுவாகத் தங்கள் சொந்தப் படிவத்தையும் கேட்கும். பவர் பத்திரத்தை மட்டும் காட்டிக் காசு எடுத்துவிடலாம் என்று நம்பிப் போகிறவர்கள் வரிசையில் இரண்டு முறை நிற்பார்கள். கணக்குக் காட்டுவது 166-ஆம் பிரிவின்படி முகவரின் கடமை. மாதம் எந்தத் தேதிக்குள், எந்த வடிவில் என்பதை எழுதிவிட்டால் அண்ணன் தம்பிக்குள் கேட்கும் சங்கடமும் குறையும். தவணையும் போட வேண்டும். செட்டியார் கணக்கில் மூன்று ஆண்டு என்றால், சாவிக்கடைக்கு ஓராண்டு தாராளம்.

ஓர் எச்சரிக்கை. கடையில் பல வருடம் வேலை பார்த்த வெளிநாட்டுத் தொழிலாளிக்கே பவர் எழுதிக் கொடுத்துவிட்டு மாதம் ஒரு தொகை வாங்கிக்கொள்ளலாமா என்று சிலர் யோசிக்கிறார்கள். 1956-ஆம் ஆண்டு வியாபாரப் பதிவுச் சட்டத்தின் கீழ் தனியாள் வியாபாரத்தைக் குடியுரிமை உள்ளவரோ நிரந்தரவாசியோதான் பதியலாம். மாநகர் மன்ற லைசென்ஸ் அதை வாங்கியவருக்கு உரியது. அதை வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடுவதை உள்ளூராட்சிகள் வேட்டையாடிப் பிடிக்கின்றன. பவர் பத்திரம் அங்கே கவசமாக நிற்காது. மறைக்க நினைத்ததற்கு அதுவே எழுத்துபூர்வச் சாட்சியாகிவிடும்.

கடைக்கு வரும் பிறர் பவர்

இந்தக் கேள்விக்கு மறுபக்கமும் உண்டு, பூட்டுக்காரர்கள் அதைத்தான் அடிக்கடி சந்திக்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் வீட்டுக்காரரின் மச்சான் என்று ஒருவர் பவர் பத்திரத்தின் போட்டோஸ்டாட்டோடு வந்து, “உள்ள இருக்கவன் மூனு மாசமா வாடகை குடுக்கல, பூட்ட மாத்திக் குடுங்க” என்பார். பத்திரம் அசலாகவே இருக்கலாம். நீதிமன்றப் பதிவும் சரியாக இருக்கலாம். இருந்தும் திறக்கக் கூடாது.

காரணம், முகவரின் அதிகாரம் முதலாளியின் அதிகாரத்தைத் தாண்டாது. வாடகைக் காலம் முடிந்த பிறகும் குடியிருப்பவர் வெளியேறாவிட்டால், நீதிமன்றத்தின் வழியாகவே வீட்டை மீட்க வேண்டும் என்பது 1950-ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2)-ஆம் பிரிவு. வீட்டுக்காரரே நேரில் வந்து பூட்டை மாற்றச் சொன்னாலும் அவருக்கு அந்த உரிமை இல்லை. அவருக்கே இல்லாததை மச்சானுக்கு எப்படிக் கொடுத்தார்? கடையில் இருப்பது முகவர் என்றால் இங்கே இரண்டு பவர் பத்திரங்கள் நேருக்கு நேர் நிற்கின்றன. இரண்டுமே சரியானவை, நடக்கும் காரியம் மட்டும் தவறு. முதலாளியாக இருந்தால் இருபது வருட அனுபவத்தில் ஆளைப் பார்த்தே அனுப்பிவிடுவார். புதிதாக உட்கார்ந்த முகவருக்கு அது எழுத்தில் இருக்க வேண்டும். குடியிருப்பவர் உள்ளே இருக்கும் வீட்டுப் பூட்டை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் மாற்றாதே என்ற ஒரு வரி, கடைக்காரர்கள் எழுதும் பத்திரங்களில் நான் பார்க்க விரும்பும் முதல் வரி.

படுத்துவிட்டால்

இனி நம் மக்களை உண்மையில் பவர் எழுத வைக்கும் பயத்துக்கு வருவோம். பக்கவாதம், மறதி நோய், விபத்து.

1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, பதிவான பத்திரம் எப்போது முடியும் என்று வரிசையாகச் சொல்கிறது. கொடுத்தவர் ரத்துசெய்து அறிவிப்பைப் பதிவகத்தில் வைத்தால். பெற்றவர் வேண்டாம் என்று அதேபோல் அறிவித்தால். இருவரில் ஒருவர் இறந்தால். பெற்றவர் சித்த சுவாதீனம் இழந்தால். கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தவர் என்று தீர்ப்பாகிவிட்டால். அவர்மீது திவால் உத்தரவு வந்தால். ஒப்பந்தச் சட்டத்தின் 154-ஆம் பிரிவு இன்னும் கடுமை. முதலாளி சித்த சுவாதீனம் இழந்தாலே முகவாண்மை முடிந்தது. தீர்ப்பு வரவேண்டும் என்று அது சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் வழக்கறிஞர்கள் வாதாடலாம். வங்கி வாதாடாது. மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடக்கிறார் என்று தெரிந்த அடுத்த நிமிடம் அது கதவைச் சாத்திவிடும்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகள் இங்கே குழம்பிப் போகிறார்கள். அங்கே 2010 முதல் மனத்திறன் சட்டத்தின் கீழ், மனத்திறன் போன பிறகு நடைமுறைக்கு வரும் நீடித்த அதிகாரப் பத்திரம் இருக்கிறது, எல்பிஏ என்பார்கள். அலுவலகத்தில் யாரோ எழுதியதைப் பார்த்துவிட்டு வந்து, அப்பாவுக்கும் ஒன்று எழுதலாம் என்கிறார்கள். இங்கிலாந்திலும் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. மலேசியாவில் இல்லை. இங்கே உள்ள வழி 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம். குடும்பத்தார் உயர் நீதிமன்றத்துக்குப் போய், மருத்துவ அறிக்கை வைத்து, விசாரணை நடந்து, சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிக்கும் உத்தரவு வாங்க வேண்டும். சாவிக்கடை அளவுக்கு அது பெரிய செலவு, நீண்ட காத்திருப்பு.

1949-ஆம் ஆண்டு அதிகாரப் பத்திரச் சட்டத்தில் ஒரு சிறு சந்து இருப்பதாக லோயர்கள் காட்டுவார்கள். 6-ஆம் பிரிவு, விலை பெற்றுக்கொண்டு ‘மீளப்பெற முடியாதது’ என்று எழுதிய பத்திரத்துக்கு. 7-ஆம் பிரிவு, ஓராண்டுக்கு மிகாத ஒரு காலத்துக்கு அப்படி எழுதிய பத்திரத்துக்கு. இவை கொடுத்தவர் இறந்தாலும் சித்தம் கலங்கினாலும் அந்த எல்லைக்குள் நிற்கும். ஆனால் இந்த ஏற்பாடு சொத்தை வாங்கியவரைக் காக்கப் பிறந்தது. நிலம் வாங்கி விற்கிற இடத்தில் அதன் பயன் தெரியும். அதை வைத்துக் கடை நடத்த நினைப்பவர், ஓராண்டுக்குத் தன்னாலேயே திரும்ப வாங்க முடியாத அதிகாரத்தைக் கைவிட்டவர் ஆகிறார். தம்பி நல்லவராக இருக்கலாம். தம்பிக்கு வாய்க்கும் கூட்டாளிகள்?

போய்விட்டால்

இறப்போடு பவர் பத்திரம் சாகிறது. துக்க வீட்டில் இதைச் சொல்ல யாருக்கும் மனம் வராது என்பதால், முதலாளி இறந்த பிறகும் சில வாரங்கள் பவர் வைத்திருப்பவர் காசோலை எழுதிக்கொண்டே இருப்பது நடக்கிறது. நல்ல எண்ணத்தில் மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலையாகவே இருக்கலாம். இறந்தது தெரிந்த பிறகு அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் யாரும் இல்லை.

தனியாள் வியாபாரத்துக்கு ஆளைத் தாண்டிய உயிர் கிடையாது. மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் சொந்தப் பெயருக்கு வருடம் 30 வெள்ளி, வியாபாரப் பெயருக்கு 60 வெள்ளி கட்டிப் பதிவது அந்த ஆளைத்தான். அவர் போனால் இயந்திரங்களும் சரக்கும் வரவேண்டிய பணமும் அவருடைய எஸ்டேட். உயில் இருந்தால் அதில் சொன்ன நிறைவேற்றுநர் பொறுப்பேற்பார். இல்லையென்றால் நிர்வாக உரிமைப் பத்திரம் வாங்க வேண்டும். முஸ்லிம் அல்லாதவருக்கு 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பேசும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவகையும் இருந்தால் மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று. தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஃபராயிட் முறை. பத்து வருடம் கடையை நடத்திய தம்பிக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. பவர் கையில் இருந்ததால் கடையே தன்னுடையது என்று அவர் நினைத்திருப்பார், தெருவும் அப்படித்தான் நினைத்திருக்கும். குடும்பம் பிளக்கும் இடம் இது.

அதனால் கேள்வியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்க வேண்டும். கடையைத் தம்பி தொடர வேண்டும் என்பதே ஆசை என்றால், பவர் அதற்கான கருவி அன்று. எஸ்எஸ்எம்மில் அவரைக் கூட்டாளியாகச் சேர்க்கலாம். கூட்டாளி ஒவ்வொருவரும் கடைக்கு முகவர் என்பதால் பவருக்கே தேவை குறையும். 1961-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின்படி ஒருவர் இறந்தால் கூட்டு கலையும், வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் தவிர. அந்த ஒப்பந்தத்தை எழுதிவிட வேண்டும். கூட்டாளியின் கடனுக்கும் பொறுப்பேற்க வேண்டியிருக்கும் என்பது இதன் விலை. அடுத்து செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனம். 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் ஒரே ஆள் பங்குதாரரும் இயக்குநருமாக இருக்கும் நிறுவனத்தை அனுமதிக்கிறது. ஆள் போனாலும் நிறுவனம் இருக்கும். கடை வாடகையும் கருவித் தவணையும் அதன் பெயரில் தொடரும். ஆனால் செயலாளருக்கு மாதாமாதம் கட்டணம், ஆண்டுக் கணக்கு தாக்கல். மாதம் சில ஆயிரம் வெள்ளி புரளும் ஒற்றை ஆள் கடைக்கு இது சட்டை பெரிதாகத் தைத்ததுபோல் ஆகும். இரண்டு வேன், நாலு ஆள், அடுக்குமாடி நிர்வாகங்களோடு ஒப்பந்தம் என்று வளர்ந்த கடைக்குச் சரியாக இருக்கும். என்னைக் கேட்டால், சின்னக் கடைக்கு ஓராண்டுத் தவணையோடு குறுகலான பவர் ஒன்று, கூடவே உயில். இரண்டும் ஒரே நாளில், ஒரே லோயர் மேசையில். உயில் இல்லாத பவர் அரைக் கதவு.

ரத்து செய்யும் நாள்

கொடுப்பதை எல்லோரும் விசாரிக்கிறார்கள். திரும்ப வாங்குவதை மனஸ்தாபம் வந்த பிறகுதான் விசாரிப்பார்கள். முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டாலே பவர் முடிந்ததாக அர்த்தமில்லை. வாட்ஸ்அப்பில் “இனிமே நீ கடைப் பக்கம் வராதே” என்று அனுப்புவதும் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு கேட்கும் அறிவிப்பாகாது. எழுத்தில் ரத்து ஆவணம் தயாராகி, பத்திரத்தின் நகல் எங்கெல்லாம் வைக்கப்பட்டதோ அந்த ஒவ்வொரு அலுவலகத்திலும் சேர வேண்டும். ஜொகூர் பாருவில் மட்டும் வைத்திருந்தால் அங்கே. நில அலுவலகத்திலும் பதிந்திருந்தால் அங்கேயும்.

அது பதிவகத்துக்கு. ஊருக்கு வேறு. ஒப்பந்தச் சட்டத்தின் 161-ஆம் பிரிவுப்படி, முகவாண்மை முடிந்தது முகவருக்குத் தெரியும்போதுதான் அவரைக் கட்டும். வெளியாருக்குத் தெரியும்போதுதான் வெளியாரைக் கட்டும். ரத்தானது தெரியாமல் சாமான் அனுப்பிய வியாபாரிக்கு முதலாளி பணம் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். எனவே வங்கி, மாநகர் மன்ற லைசென்ஸ் பிரிவு, கடை வீட்டுக்காரர், சரக்குப் போடுபவர்கள், முதன்மைச் சாவி வைத்திருக்கும் அடுக்குமாடி நிர்வாகங்கள் எல்லோருக்கும் கடிதம் போக வேண்டும், பெற்றதற்குக் கையெழுத்தும் வாங்க வேண்டும். சாவிக்கடை என்பதால் பட்டியல் இன்னும் நீளும். கார் சாவிக் கருவியின் மென்பொருள் கணக்கு எண்ணும் கடவுச்சொல்லும், குறியீட்டுப் பதிவேடு, வேனில் கிடக்கும் திறப்புக் கம்பிகள், கடைப் பெயர் போட்ட சட்டையும் அட்டையும், விளம்பரப் பலகையில் உள்ள கைப்பேசி எண். அந்த எண் தம்பியின் பெயரில் பதிவாகியிருந்தால் நள்ளிரவு அழைப்புகள் எல்லாம் இனியும் அவருக்குத்தான் போகும். அதை முதல் நாளே கடையின் பெயரில் எடுத்திருக்க வேண்டும்.

நீதிமன்றப் பதிவகத்துக்குப் போகும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2014 முதல் ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்திருக்கும் என்பது பத்து வருடப் பழக்கமாகிவிட்டது. 2025 ஜனவரி 1 முதல் விடுமுறை சனி ஞாயிறாக மாறிவிட்டது. சிங்கப்பூரிலிருந்து வருகிறவருக்கு ஞாயிறு இப்போது உதவாது. வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வர வேண்டும்.